உழையாத கூலி

உழைத்தவனுக்கு உரிய கூலியைக் கொடாது வஞ்சித்தாரைப் பற்றி உலகில் எழுதப்பட்டவை பல. உழைக்காதவனைத் தேடி வந்து கூலி கொடுத்தாரைப் பற்றி எழுதப்பட்டவை மிகச் சிலவே. அப்படியும் நடக்குமோ என்று நேயர்கள் வினவலாம். நடக்கும். எனக்கு நடந்தது, ஒரு மாதமன்று, தொடர்ந்து மூன்று மாதம் நடந்தது. அக்காலத்தில் என் மனம் போன போக்கை ஒளிக்காமல் எழுதினால், அது என் மனத்தின் போக்கு மட்டுமன்று என்பதைப் படிப்போருள் சிலராவது உணர்வர் என்ற நம்பிக்கையால் இதனை எழுதத் துணிந்தேன்.

என் ஊர் நானாட்டான். முருங்கன் புகையிரத நிலையத்தில் இறங்கி வருவோர், கட்டுக்கரைக் குளத்து நீர் பாயும் வயல்களுக்கிடையே எங்கள் ஊரைக் காண்பர். வயலை நம்பி வாழ்ந்த குடும்பம் எங்களுடையது. வயல் ஒன்றையே நம்பியிருத்தல் இனி இயலாதென்று கண்ட தந்தையார் என்னைப் படிக்க வைத்தார். மன்னார் நகரில் ஒரு தனியார் நிறுவனத்தின் கிளைக் கந்தோரில் ஆறு ஆண்டு எழுதுவினைஞனாக இருந்தேன். களஞ்சியக் கணக்கும், பணியாளர் வரவுப் பதிவும், மாதந்தோறும் கொழும்பிலுள்ள தலைமைக் கந்தோருக்குச் சம்பள விபரம் அனுப்புவதும் என் பொறுப்பு. பின்னர் எனக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்தது. 2016 டிசம்பர் 31ஆந் திகதியுடன் அந்த வேலையை விட்டு விலகினேன். தேநீர் விருந்து வைத்தார்கள். ஒரு கைக்கடிகாரம் பரிசளித்தார்கள். உறவு நல்ல முறையில் முடிந்தது என்றே எண்ணினேன்.

2017 ஜனவரி மாத இறுதியில், பாடசாலையில் மாணவரின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தபோது வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. என் கணக்கில் 27,600 ரூபா வரவு வைக்கப்பட்டிருந்தது. எடுக்காத விடுமுறைக்கான கொடுப்பனவாக இருக்கலாம் என்று நினைத்தேன். அந்த எண் எனக்குப் பழக்கமானது என்பதை அப்பொழுது நான் கவனிக்கவில்லை. அல்லது கவனிக்க விரும்பவில்லை.

அந்த ஆண்டை எங்கள் பகுதியார் மறக்கமாட்டார்கள். 2016ஆம் ஆண்டின் இறுதியில் பெய்ய வேண்டிய மாரி பொய்த்தது. இலங்கை நாற்பது ஆண்டுகளிற் காணாத வரட்சி என்று அதனைச் சொன்னார்கள். விதைத்தவர் அறுக்கவில்லை, அறுத்தவர்க்கு அறுவடைச் செலவும் தேறவில்லை. உழவு இயந்திரக் கூலியும் பசளைக் கடனும் வீட்டு வாசலில் நின்றன. புதிய ஆசிரியனுக்கோ முதற் சம்பளம் வரச் சில மாதமாகும். இந்நிலையில் வந்த 27,600 ரூபா ஒரே வாரத்தில் கடனுக்கும் தாயாரின் மருந்துக்கும் போய்விட்டது.

பெப்ரவரி இறுதியில் மீண்டும் குறுஞ்செய்தி வந்தது. மீண்டும் 27,600 ரூபா. ஒரு சதமும் கூடவுமில்லை, குறையவுமில்லை. என் பழைய சம்பளம் 30,000 ரூபா. அதில் ஊழியர் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு எட்டு வீதமாக 2,400 ரூபாவைக் கழித்தால் எஞ்சுவது 27,600. ஆறு ஆண்டாக மாதந்தோறும் இந்தக் கழித்தலைச் செய்தவன் நான். இனி அறியாமை என்று சொல்ல வழியில்லை. என்னை விலகியவனாகக் கருதாத ஒரு கணக்கு எங்கோ ஓடிக்கொண்டிருந்தது. அதன் கண்ணில் நான் இன்னும் அந்த நாற்காலியில்தான் அமர்ந்திருந்தேன்.

அடுத்த நாளே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. மார்ச் மாதச் சம்பளமும் வந்து சேரும்வரை பேசாமல் இருந்தேன்.

பேசாமலிருந்த அந்நாட்களில் மனம் சும்மா இருக்கவில்லை. அது ஒரு வழக்கறிஞரைப் போல என் பக்கத்து நியாயங்களைத் திரட்டியது. நான் திருடவில்லை, அவர்களே அனுப்பினார்கள். அவர்களுக்கு வேண்டுமானால் கேட்பார்கள், கேட்டால் கொடுப்பேன். பெரிய நிறுவனத்துக்கு இது ஒரு தூசு. இவை போதாவென்று கண்டபோது, மேலதிக நேரக் கொடுப்பனவின்றிக் கந்தோரில் நான் கழித்த மாலைகளை எண்ணத் தொடங்கினேன். ஆறு ஆண்டில் ஒரு நாளேனும் எண்ணியிராத அம்மாலைகள் அப்பொழுதுதான் வரிசையாக வந்து எனக்குச் சாட்சி சொல்லின. உரிமை இல்லாத இடத்தில் உரிமையைத் தேடும் மனிதன் எத்துணைக் கூர்மையான கணக்காளனாகிவிடுகிறான் என்பதை அன்று கண்டேன்.

இத்தகைய நிலையில் அகப்பட்டவன் நான் ஒருவன்தானோ என்று பின்னாளில் தேடிப் படித்தேன். 2022 மே மாதத்தில் சிலி நாட்டில் ஓர் உணவு நிறுவனம், ஐந்து இலட்சம் பெசோ பெற வேண்டிய பணியாளர் ஒருவருக்கு 16 கோடியே 50 இலட்சத்துக்கும் மேற்பட்ட பெசோவை அனுப்பிவிட்டது. வங்கிக்குப் போய்த் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்ன அவர், பின்னர் வேலையை விட்டு விலகி மறைந்தார் என்று நிறுவனம் முறையிட்டது. செய்தித்தாள்கள் அதனை வேடிக்கைச் செய்தியாக வெளியிட்டன. என்னால் சிரிக்க இயலவில்லை. அவருக்கு வந்தது மலை, எனக்கு வந்தது மண்ணாங்கட்டி, வேறுபாடு அவ்வளவே.

கனடாவில் நடந்தது இதனினும் சிந்திக்கத்தக்கது. அந்நாட்டு மத்திய அரசு 2016 பெப்ரவரியில் பீனிக்ஸ் என்ற புதிய கணினிச் சம்பள முறையைத் தொடங்கியது. ஏறத்தாழ மூன்று இலட்சம் அரச ஊழியருக்குச் சம்பளம் வழங்க வேண்டிய அம்முறை, சிலருக்குச் சம்பளமே கொடாமலும், சிலருக்குக் குறைத்தும், சிலருக்கு மிகுதியாகவும் கொடுத்தது. வேலையை விட்டு விலகியோருக்கும் சம்பளம் போனது. திருப்பிக் கொடுக்க முன்வந்தோர் வேறொரு சிக்கலில் மாட்டினர். கையிற் கிடைத்தது வரி கழிந்த தொகை. ஆண்டு கடந்துவிட்டால் திருப்பிக் கேட்கப்பட்டது வரி கழியாத முழுத் தொகை. தாம் தொட்டும் பாராத பணத்தையும் சேர்த்துக் கொடுக்கும்படி நேர்மையாளர் கேட்கப்பட்டனர். கையில் வந்ததை மட்டும் திருப்பிக் கொடுத்தாற் போதும் என்று சட்டம் திருத்தப்பட 2019ஆம் ஆண்டாயிற்று. இந்தச் செய்தி எனக்கு எவ்வளவு நெருக்கமானது என்பதைப் பின்னர்ச் சொல்வேன்.

நம் நாட்டுச் சட்டம் இதனை எவ்வாறு நோக்குகிறது? ஆசிரியரும் மாணவரும் அறிய வேண்டிய சுவையான வரலாறு இதில் உண்டு. ஒல்லாந்தர் 1658ஆம் ஆண்டில் போர்த்துக்கேயரிடமிருந்து மன்னாரைக் கைப்பற்றினர். அவர்கள் நமக்கு விட்டுச் சென்றவற்றுள் இரண்டு இங்கு நினைக்கத்தக்கவை. ஒன்று, கந்தோர் என்ற சொல். மற்றது, உரோம ஒல்லாந்தச் சட்டம். தவறுதலாகச் செலுத்தப்பட்ட பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை அச்சட்டத்தில் உண்டு. அதன் வேர் இன்னும் ஆழமானது. கி.பி. 533இல் யுஸ்தினியன் பேரரசர் வெளியிட்ட சட்டநூல், தவறுதலாகக் கொடுக்கப்பட்ட பணத்தைப் பெற்றவனைக் கடன் வாங்கியவனுக்கு ஒப்பாக வைக்கிறது. அவன் கேட்டு வாங்கவில்லை, ஒப்பந்தம் எதுவும் எழுதவில்லை, ஆயினும் கடனாளி. உரோம ஒல்லாந்தச் சட்டத்தில் இன்னுமொரு நுட்பமும் உண்டு. தனக்குரியதென்று நல்லெண்ணத்துடன் நம்பிச் செலவழித்தவன், தன்னிடம் எஞ்சிய பயனளவுக்கே பொறுப்பாவான். தவறென்று அறிந்தபின் செலவழித்தவனுக்கு அச்சலுகை இல்லை. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக் கோவையும், பிறர் பொருளை நேர்மையின்றித் தனதாக்கிக்கொள்வதைக் குற்றமாகவே சொல்கிறது. இவற்றைப் படித்தபோது என் ஜனவரி மாதம் ஒரு பக்கமும், பெப்ரவரியும் மார்ச்சும் மறுபக்கமும் பிரிந்து நின்றன. இரண்டுக்கும் இடையே நின்ற வேலி, அறிந்தேன் என்ற ஒரு சொல்.

இந்தியாவின் உச்ச நீதிமன்றம் இவ்விடயத்தில் இரக்கத்துடன் பேசியிருக்கிறது. பஞ்சாப் அரசுக்கும் ரஃபிக் மசீ என்பவருக்கும் இடையிலான வழக்கில் 2014 டிசம்பர் 18ஆந் திகதி வழங்கிய தீர்ப்பில், தவறுதலாக மிகுதியாகக் கொடுத்த சம்பளத்தை அரசு எவரெவரிடமிருந்து திரும்ப வாங்கலாகாது என்று வரையறுத்தது. கீழ்நிலை ஊழியர், ஓய்வு பெற்றோர், ஓராண்டுக்குள் ஓய்வு பெறவிருப்போர், ஐந்தாண்டுக்கு மேலாக அவ்வாறு பெற்றுவந்தோர் ஆகியோர் அவருட் சிலர். ஏழையின் கைக்கு வந்த பணம் உணவாகவும் பிள்ளையின் படிப்பாகவும் மாறிவிடுகிறது. ஆண்டுகள் கழித்து அதனைப் பிடுங்குவது கொடுமை என்பதே அதன் கருத்து. அத்தீர்ப்பில் ஒளிந்துகொள்ள எனக்கும் ஆசை உண்டாயிற்று. ஆனால் அது உழைத்துக்கொண்டிருந்தவர்க்குக் கூடுதலாக வந்த பணத்தைப் பற்றியது. நானோ உழைப்பை நிறுத்திவிட்டவன்.

இவையெல்லாம் பின்னாளில் அறிந்தவை. அன்று என்னை எழுப்பியது சட்டமன்று, என் தந்தையார்.

“பள்ளிக்கூடச் சம்பளம் வந்திட்டுதோ தம்பி?” என்று ஒரு மாலை கேட்டார். இல்லை, பழைய கந்தோர்க் காசு என்றேன். அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து வரம்பில் நடக்கும்போது, தாமாகவே ஒரு பழைய கதையைத் தொடங்கினார்.

அருவியாற்று நீரைத் தேக்கத்தில் மறித்துக் கட்டுக்கரைக் குளத்துக்குக் கொண்டுவருகிறார்கள். குளத்திலிருந்து வாய்க்கால் வழியே வயல்களுக்கு விடுகிறார்கள். நீர் குறைந்த காலத்தில் முறை வைத்தே பாய்ச்ச வேண்டும். அவருடைய இளமைக் காலத்து வரட்சியாண்டு ஒன்றில், அயல் வயற்காரரின் முறை வந்த இரவில் வாய்க்காற் கரை உடைந்து நீர் முழுவதும் எங்கள் வயலுக்குப் பாய்ந்துவிட்டது. விடியற்காலையில் தந்தையார் போய்ப் பார்த்தபோது எங்கள் பயிர் நீரில் நின்றது. அயலவர் வயல் வெடித்துக் கிடந்தது. எவரும் காணவில்லை. எலி உடைத்ததோ மாடு மிதித்ததோ தெரியாது. குற்றம் எவருடையதுமன்று.

“நீங்கள் என்ன செய்தீர்கள் ஐயா?” என்று கேட்டேன்.

“வயலுக்குள்ள போன தண்ணியைத் திருப்பி அள்ளிக் குடுக்க ஏலுமோ? அடுத்த முறை எனக்கு வந்தது. அதை அவருக்கு விட்டுக் குடுத்தன்.”

அதனால் எங்கள் வயலில் மேட்டுப் பக்கம் அந்த ஆண்டு பதராயிற்று என்றும் சொன்னார். அதைப் பெருமையாகவோ வருத்தமாகவோ சொல்லவில்லை; ஒரு செலவைச் சொல்வதுபோலச் சொன்னார். என் பணத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

ஏப்ரல் தொடக்கத்தில் மன்னாருக்குப் போனேன். என் நாற்காலியில் ஓர் இளைஞன் இருந்தான். விடயத்தைச் சொன்னதும் அவன் முகம் வெளிறியது. கதவைச் சாத்திவிட்டு வந்து, “அண்ணன், தயவுசெய்து இதை இப்ப சொல்லாதேங்கோ. நான் இன்னும் நிரந்தரமாகேல்லை. மூன்று மாதமும் என்ர கையாலதான் விபரம் போயிருக்கு” என்றான். அவனுக்கும் வீட்டில் வயதான தாயும் படிக்கும் தங்கையும் இருந்தனர்.

இதனை நான் எதிர்பார்க்கவில்லை. திருப்பிக் கொடுத்தல் என்பது எனக்கும் என் மனச்சாட்சிக்கும் இடையிலான அலுவல் என்றே எண்ணி வந்திருந்தேன். என் நேர்மைக்குரிய விலையை வேறொருவன் கொடுக்க நேரும் என்று நினைத்திருக்கவில்லை. சொல்லாமல் விட்டால் இவனைக் காப்பாற்றுகிறேன் என்ற புதிய நியாயமும் கைக்கு வந்தது. இதுவரை வந்த நியாயங்களுள் அழகானது அதுவே. ஆகையால் அதற்கே அதிகம் அஞ்சினேன்.

தவறு எங்கே நேர்ந்தது என்று முதலில் பார்ப்போம் என்று இருவரும் கோப்புகளைப் புரட்டினோம். விலகுவோரின் பெயரைச் சம்பளப் பட்டியலிலிருந்து நீக்குவதற்கு ஒரு படிவம் உண்டு. எழுதுவினைஞர் அதனை நிரப்பி, முகாமையாளரின் ஒப்பம் பெற்றுக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். ஆறு ஆண்டில் எத்தனையோ பேருக்கு நான் அதனை அனுப்பியிருக்கிறேன். என் படிவம் மேசைத் தட்டின் அடியிற் கிடந்தது. நிரப்பியிருந்த கையெழுத்து என்னுடையது. ஒப்பம் பெறப்படவில்லை. கடைசி நாளில் தேநீர் விருந்துக்கு அழைக்கப்பட்டபோது, பிறகு பார்ப்போம் என்று நான் வைத்துவிட்டுப் போன தாள் அது.

அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது எனக்கு அரிப்பு நினைவுக்கு வந்தது. எங்கள் ஊருக்கு அண்மையிலுள்ள அக்கடற்கரையில் ஆங்கிலேயர் காலத்தில் முத்துக்குளிப்பு நடந்தது. கரைக்கு வந்த சிப்பிகளைக் கொட்டு எனப்பட்ட அடைப்புக்குள் கொண்டுபோய் மூன்று குவியலாகப் பிரிப்பர். இரண்டு அரசாங்கத்துக்கு, ஒன்று குளித்தவர்க்கு. பிரிப்போர் குளித்தவர்கள், எந்தக் குவியல் எவருக்கு என்று சொல்வதோ அரசாங்க உத்தியோகத்தர். ஆகையால் பிரிப்பவன் நேர்மையாகவே பிரிப்பான். மனிதரின் நற்குணத்தை மட்டும் நம்பாமல், கணக்கிலேயே காவலை வைத்த முறை அது. எங்கள் கந்தோரில் அந்தக் காவல் இல்லை. விலகுபவனும் நான், விலக்க வேண்டியவனும் நான். பிரித்தவனும் எடுத்தவனும் ஒருவனாகிவிட்டபோது குவியல் பிழைத்தது.

தலைமைக் கந்தோருக்குக் கடிதம் எழுதினேன். மூன்று மாதச் சம்பளம் வந்ததையும், இரண்டாம் மாதத்திலேயே தவறென்று அறிந்ததையும், அறிந்தபின்னும் பேசாமலிருந்ததையும், படிவத்தை அனுப்பாமல் விட்ட குற்றம் என்னுடையதென்பதையும், என் இடத்துக்கு வந்தவர் நான் விட்டுச் சென்ற பட்டியலையே தொடர்ந்தார் என்பதையும் எழுதினேன். படிவத்தையும் இணைத்தேன். மூன்று மாதத் தொகையான 82,800 ரூபாவை நான்கு தவணையிற் செலுத்த அனுமதி கேட்டேன். அனுமதி வந்தது. ஆசிரியச் சம்பளத்தின் நிலுவை கிடைத்தபின் செலுத்தி முடித்தேன். பற்றுச்சீட்டு வந்தது.

அந்த இளைஞன் வேலை இழக்கவில்லை. ஆனால் மூன்று மாதம் கவனிக்காமல் விபரம் அனுப்பினார் என்ற காரணத்தால் அவனை நிரந்தரமாக்குவதை ஆறு மாதம் ஒத்திவைத்தார்கள். என் கடிதம் அவனைப் பாதி காத்தது, பாதி காக்கவில்லை. அதன்பின் மன்னாரில் என்னைக் கண்டால் அவன் வீதியின் மறுபக்கம் போனான்.

கணக்கு அத்துடன் முடியவில்லை. கனடாவைப் பற்றிப் பின்னர்ச் சொல்வேன் என்றது இதற்காகவே. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் உண்டான ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி நூற்றுக்கு 8 வீதமும் தொழில்தருநர் 12 வீதமும் செலுத்த வேண்டும். 1980ஆம் ஆண்டின் சட்டத்தால் ஏற்பட்ட ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தொழில்தருநர் மேலும் 3 வீதம் செலுத்த வேண்டும். என் பெயர் பட்டியலில் இருந்த மூன்று மாதமும் இவையும் என் பெயரிற் போயிருந்தன. முன்னதில் மாதம் 6,000, பின்னதில் 900. மூன்று மாதத்துக்கு 20,700 ரூபா. நான் திருப்பிக் கொடுத்தது என் கைக்கு வந்ததை மட்டுமே. ஓய்வூதியமுள்ள அரச சேவையிற் சேர்ந்தவர் தம் சேமலாப நிதியை மீளப் பெறலாம். 2018ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவ்விரு நிதிகளும் என் கைக்கு வந்தபோது, உழையாத கூலியின் எச்சமும் அவற்றுடன் சேர்ந்தே வந்தது. ஒருமுறை திருப்பி அனுப்பிய விருந்தாளி பின்வாசலால் வந்ததுபோல இருந்தது.

மீண்டும் எழுதினேன். தொலைபேசியில் மறுமொழி வந்தது. “அதை விடுங்கள், அதற்காக இரண்டு இடங்களுக்குக் கடிதம் எழுதிப் பழைய கணக்கைத் திறக்க வேண்டும்” என்று கணக்காளர் சலிப்புடன் சொன்னார். சட்டத்தின் பார்வையில் அப்பொழுது நான் விடுதலை பெற்றிருக்கலாம். கொடுத்தவர் தவறென்று அறிந்தே விட்டுவிட்டால் அது கொடையாகிவிடும். ஆயினும் சலிப்பினால் கிடைத்த கொடையை என் மனம் கொடையாக ஏற்கவில்லை.

வயலுக்குள் போன தண்ணீரைத் திருப்பி அள்ளிக் கொடுக்க இயலாது, முறையைக் கொடுக்கலாம். அவ்வாண்டு ஏப்ரல் விடுமுறையில் பழைய கந்தோருக்குப் போய், ஆண்டிறுதி இருப்புக் கணக்கை ஒப்புநோக்கக் கூலியின்றி உதவுகிறேன் என்று முகாமையாளரிடம் சொன்னேன். என்னை விசித்திரமாகப் பார்த்தார்; மறுக்கவில்லை. களஞ்சியத்தில் அந்த இளைஞனும் நானும் எதிரெதிரே இருந்தோம். நான் பொருளை எண்ணினேன்; அவன் எழுதினான். முதல் மூன்று நாளும் எண்களைத் தவிர வேறு பேச்சில்லை. நான்காம் நாள் பிற்பகல் இரண்டு கோப்பைத் தேநீருடன் வந்து, ஒன்றை என் பக்கம் வைத்து, “அண்ணன், நூற்றுப் பதினாறோ பதினேழோ?” என்று கேட்டான். பதினேழு என்றேன்.

ஆறு நாள் உழைத்தேன். மாதம் 30,000 ரூபா என்ற பழைய வீதத்திற் பார்த்தால், 20,700 ரூபாவுக்கு இருபது நாளுக்கு மேல் உழைத்திருக்க வேண்டும். விடுமுறை முடிந்துவிட்டது, போய்விட்டேன். மிகுதி நாட்கள் இன்னும் என் கணக்கில் நிற்கின்றன. எங்கள் வாய்க்காற் கரையால் பாடசாலைக்குப் போகும்போதெல்லாம், அயலவர் வயலுக்குப் பாயும் நீரைப் பார்த்து அவற்றை எண்ணிக்கொள்கிறேன்.